கொசு சாருக்கு வந்த மேற்கோள்

எங்கள் விருத்தாசலத்தில் கொசுவிடமிருந்து தப்பியவர்கள் உண்டு. கொசு சாரிடமிருந்து தப்பியவர் ஒருவர்கூடக் கிடையாது.

அறுபதுகளின் கடைசியில், நான் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தார். மண்தூசியை மூச்சில் இழுப்பவர்களுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கூடுகிறதா, குறைகிறதா என்று ஆராய்ச்சி. அதற்கு எங்கள் ரத்தம் வேண்டும். டீ கிளாசுக்குக் கை நீட்டினால் பக்கத்தில் ஊசியோடு நிற்பார். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளிக்குப் பின்னால் இவர் வருவார். ஒரு மாப்பிள்ளை வலது கையைப் பெண்ணிடமும் இடது கையை இவரிடமும் கொடுத்தார் என்றால் நம்பமாட்டீர்கள். நம்பவும் வேண்டாம், கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்.

இதில் தனித்தமிழ்ப் பிடிவாதம் வேறு. ரத்தம் என்று வாயில் வராது, குருதிதான். 'சிறிது குருதி தாருங்கள்' என்று இவர் கேட்கப்போய், கம்மாபுரத்திலிருந்து வேலைக்கு வந்த ஒருவர் குருவி என்று நினைத்து மறுநாள் இரண்டு கவுதாரி பிடித்துக்கொண்டு வந்தார். அவற்றுக்கும் ஊசி குத்திவிட்டுத்தான் சார் அனுப்பினார்.

இப்படி உறிஞ்சிய ரத்தமெல்லாம் ஒரே ஒரு கட்டுரையாகி வெளிநாட்டுச் சஞ்சிகையில் அச்சானது. அதற்கப்புறம் பேச்சுமூச்சு இல்லை. மெட்ராஸ் மேலதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். உலகத்தில் யாராவது ஒரு விஞ்ஞானி இந்தக் கட்டுரையைச் சுட்டிக்காட்டி எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆராய்ச்சி அறையை மூடிவிட்டு, சாரைக் களிமண் மூட்டைக்குக் காவல் வைத்துவிடுவார். சாருக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. ஊசி குத்துவதையே விட்டுவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் டீக்கடைக்குள் ஓடி வந்தார்.

"மாணிக்கம், ஒரு ஜெர்மானியர் என்னை மேற்கோள் காட்டிவிட்டார்" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர். அதற்குள் பேட்டையில் வேலைச் சங்கு ஊதிவிட, திரும்பி ஓடிவிட்டார்.

மாணிக்கம் எங்கள் சூளையில் தீ போடுகிறவர். 'கோள்' மட்டும்தான் அவர் காதில் ஏறியது. கண்ணில் தண்ணீரையும் பார்த்தாரா, முடிவே கட்டிவிட்டார். சார் மேல் எவனோ வெள்ளைக்காரன் மேலிடத்தில் கோள் சொல்லிவிட்டான், மனுஷன் அழுதுகொண்டே போகிறார் என்று பட்டறை பட்டறையாகப் போய்ச் சொன்னார். சாரை நாங்கள் திட்டலாம், குத்து வாங்கியவர்கள். கடல் தாண்டி இருக்கிறவனுக்கு என்ன வந்தது?

மேற்கோளைச் சரிபார்க்க அந்த வாரமே மெட்ராஸ் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். சார் சஞ்சிகையை எடுக்க உள்ளே போயிருந்தார். வேலையைப் போட்டுவிட்டு நாங்கள் அத்தனை பேரும் வாசலில் திரண்டோம். என்ன கூட்டம், மேற்கோள் வந்த சந்தோஷமா என்று அதிகாரி கேட்டதுதான் தாமதம், மாணிக்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனார்.

"அய்யா, அதெல்லாம் சுத்தப் பொய்யிங்க. எங்க சார் பேர்ல ஒரு மேற்கோளும் கெடையாதுங்க. அந்த ஜெர்மன்காரன் வாய்க்கு வந்ததை எழுதியிருக்கான். நீங்க நம்பிடாதீங்க."

ஆமாங்க, ஆமாங்க என்று எல்லோரும் தலையாட்டினோம். அந்த ஜெர்மன்காரன் மேல் கொளஞ்சியப்பர் கோயிலில் சாமியிடம் சீட்டெழுதிப் பிராது கட்டவும் தயார் என்று நான் என் பங்குக்குச் சொல்லிவைத்தேன்.

சஞ்சிகையோடு வந்து நின்ற சாருக்கு முகம் செத்துவிட்டது. அதிகாரி அதை வாங்கிப் படித்தார். பிறகு சாரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்யா, உன் முடிவை ஏத்துக்க முடியாதுன்னுல்ல எழுதியிருக்கான்?"

"தவறு என்று சொல்வதற்காவது ஒருவர் படித்திருக்கிறாரே, ஐயா" என்றார் சார்.

"நான் சொல்லல? கோள்தான்" என்று மாணிக்கம் என் காதைக் கடித்தார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். மேற்கோள் என்றால் மேற்கோள்தான், நல்லதா கெட்டதா என்று விதியில் எதுவும் இல்லை, அறை இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லி ஜீப்பில் ஏறினார்.

மேற்கோளுக்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் மாணிக்கம் கூனிக்குறுகிப் போனார். சார் இருக்கிற பக்கமே போகவில்லை. சாயங்காலம் சாரே சூளைக்குத் தேடி வந்தார்.

"எனக்காகவா மாணிக்கம் எல்லாரும் வந்து நின்னீங்க?"

"பின்ன, ஒங்கள வுட்டுடுவோமா?"

சார் மாணிக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனுஷன் மேல் எங்களுக்கு இவ்வளவு பிரியம் இருந்தது எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.