தறிக்கூடத்தில் நான் ஆற்றிய சொற்பொழிவு

பிறருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் மனிதனுக்கு எந்த வயதிலும் வரலாம். ஆனால் அது இருபத்திரண்டாம் வயதில், பி.ஏ. பட்டத்தோடு சேர்ந்து வந்துவிட்டால், உதவி தேவைப்படுகிறவர்கள் சற்று ஒதுங்கி நிற்பது நல்லது. என் விஷயத்தில் ஒதுங்கத் தவறியவர் மாயாண்டி.

அது யுத்த காலம். பட்டாளத்துக்குத் துணி நெய்து கொடுக்க மதுரை மில்களில் ஆள் போதவில்லை. அப்படியும், கைகால் குறைந்தவர், கண்ணோ காதோ போனவர் என்றால் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். இந்த அநீதியை ஒழிக்க 'அங்கவீனர் உத்தியோக உதவிச் சங்கம்' என்ற ஒன்றை நான் தோற்றுவித்தேன். காரியதரிசி நான், தலைவர் என் கல்லூரி நண்பர். (தாம் தலைவர் என்பதை அவர் மூன்று மாதம் கழித்துத்தான் அறிந்தார்.) உறுப்பினர் எவரும் இல்லை.

மாயாண்டி வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயக் கூலி. பிறவியிலிருந்தே காது கேளாது. ஆகவே வாய்ப்பேச்சும் இல்லை. வயலில் அவருக்கு நடவுக்கும் அறுப்புக்கும்தான் வேலை. வீட்டிலோ ஆறு மாதக் குழந்தை. வருஷம் முழுவதும் ஓடுகிற மில் வேலை கிடைத்தால் ஊரோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால், அடுத்த வாரமே கைக்குழந்தையோடு தேயிலைத் தோட்டத்துக்கு மலையேறுவது என்று முடிவாகியிருந்தது. இதை என்னிடம் வந்து சொன்னவர் அவருடைய மனைவி இருளாயி.

நான் உடனே நான்கு பக்கத்தில் ஒரு மனு தயாரித்தேன். அது பண்டைய கிரேக்க நாட்டில் தொடங்கியது. மாயாண்டி மூன்றாம் பக்கத்தில் வந்தார்.

குறித்த நாளில் மூவரும், இருளாயியின் இடுப்பில் குழந்தையுமாக, மில் வாசலை அடைந்தோம். நெசவு மேஸ்திரி எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, செவிட்டு ஆளக் கொண்டாந்து நிப்பாட்டுனா நான் என்ன செய்ய? கூப்பிட்டாக் கேக்குமா? அபாயம்னு கத்துனாக் கேக்குமா?"

"ஐந்து நிமிஷம் கொடுங்கள். தறிக்கூடத்திலேயே வைத்து விளக்குகிறேன்" என்றேன்.

"சரி, வாங்க. அந்தத் துண்ட மட்டும் கழட்டி வச்சிட்டு வாங்க. உள்ள ஆகாது."

அவர் துண்டு என்று குறிப்பிட்டது பட்டமளிப்பு விழாவுக்காக வாங்கிய என் ஜரிகை அங்கவஸ்திரத்தை! ஒரு பட்டதாரியின் கௌரவம் தோளில் இருக்கிறது என்று விளக்கினேன். அவர் அலுப்போடு கையை விரித்துவிட்டு, துண்டோடேயே என்னை உள்ளே விட்டார்.

இருளாயி என்னைத் தடுத்துப் பார்த்தார். "அய்யா, நீங்களும் உள்ள போகணுமாக்கும்? அவரு மட்டும் போனாப் பத்தாதா?"

"அவருக்காகப் பேச ஆள் வேண்டாமா அம்மா?"

"அவருக்கு அவரு கை பேசும். நீங்க பேசுறதுதான் எனக்கு அம்புட்டுப் பயமா இருக்கு."

உள்ளே நுழைந்ததும் தறிகளின் இரைச்சல் மண்டையில் இடித்தது. நான் ஒரு தறியின் ஓரமாக நின்று மனுவைப் பிரித்து, கம்பீரமாக வாசிக்க ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரைச்சலை வெல்ல வழி, அதைவிட உரக்கப் பேசுவதே என்று தீர்மானித்தேன்.

ஒன்றை மட்டும் நான் கவனிக்கவில்லை. அந்தக் கூடத்தில் ஒருவரும் வாயால் பேசவில்லை. ஒருவர் இங்கிருந்து இரண்டு விரலை உயர்த்தி மணிக்கட்டைத் திருப்பினால், அந்தக் கோடியிலிருந்து நூல் வந்தது. இன்னொருவர் வயிற்றைத் தடவிப் புருவத்தை உயர்த்தினால், எதிர்த் தறிக்காரர் சாப்பாட்டு நேரத்தை விரலால் சொன்னார். மாயாண்டியோ சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்தவர் போல முகமெல்லாம் மலர்ந்து நின்றார். இரண்டு நிமிஷத்தில் பக்கத்துத் தறிக்காரரிடம் கையாலேயே ஏதோ கேட்டார். அவரும் கையாலேயே பதில் சொன்னார். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அத்தனை பேர் கூடிய அந்த இடத்தில், நடப்பது எதுவும் விளங்காதவர் காரியதரிசி ஒருவரே.

நான் மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது ஒரு மாறுதல் தெரிந்தது. தொழிலாளர்கள் என் பக்கம் திரும்பினார்கள். கைகளை வீசினார்கள். சிலர் தங்கள் கழுத்தையே பிடித்துக்கொண்டார்கள். என் நெஞ்சு விம்மியது. உழைப்பாளர் உள்ளத்தை உருக்கிவிட்டேன்! கண்கள் பனிக்க, கைகூப்பி, இடுப்புவரை குனிந்து வணங்கினேன்.

அங்கவஸ்திரத்தின் பின்முனையைத் தறியின் பல்சக்கரம் அதற்கு முன்பே கவ்வியிருந்தது. நான் குனிந்தது அதற்கு வசதியாகப் போயிற்று. நிமிர முயன்றேன்; முடியவில்லை. அடுத்த கணம் என் மோவாய் தறிக்கட்டையின் மேல் இருந்தது. கை மட்டும் மனுவை உயர்த்திப் பிடித்திருந்தது. (கொள்கையை நான் கடைசிவரை கைவிடவில்லை.)

இரண்டே எட்டில் பாய்ந்து வந்தார் மாயாண்டி. தறிக்காரர்கள் கைப்பிடியைத் தள்ளித் தறியை நிறுத்துவதை, நான் கிரேக்கத்தில் இருந்த நேரத்திலேயே அவர் பார்த்து வைத்திருக்கிறார். தள்ளினார், தறி நின்றது. சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றி என்னை மீட்டார். என் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, தம் குழந்தையைத் தேற்றுவது போலக் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு மேஸ்திரியிடம் கையால் ஏதோ கேட்டார். மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும், "அவர் என்ன கேட்டார்?" என்றேன், கத்திக் கத்திக் கம்மிப்போன குரலில்.

மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "'பாவம், இவருக்குக் காது கேக்காதா'ன்னு கேட்டாப்ல தம்பி."

இருளாயி சிரிக்கவில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டு, "அண்ணே, வேல?" என்றார்.

"நாளைக்கே வரச் சொல்லுத்தா. நான் தொண்டத்தண்ணி வத்தக் கத்தித்தான் ஒவ்வொருத்தனையும் பழக்குறேன். இவரு பாத்தே பழகிட்டாரு. ஆனா ஒண்ணு. இந்தத் தம்பி மறுபடி மில்லு வாசல மிதிக்கக் கூடாது."

"அதுக்கு நான் பொறுப்புண்ணே."

அன்று சங்கத்தின் விதி திருத்தப்பட்டது. வேலைக்குரியவர் உள்ளே போவார். காரியதரிசி எதிரிலுள்ள காப்பிக்கடையில் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். அதன் பிறகு சங்கம் பலருக்கு வேலை தேடித் தந்தது. எந்தச் செயலின் விளைவுகளையும் முன்கூட்டியே சீர்தூக்கிப் பார்க்கிறவன் நான். என் பேச்சுக்கும் விளைவு உண்டு என்பதை மட்டும் ஒரு பல்சக்கரம் சொல்லித்தர வேண்டியிருந்தது.

தறிக்கூடத்தில் ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பெயர் உண்டு. எனக்கும் மாயாண்டி ஒன்று சூட்டினார்: வாய்க்கு நேரே விரல்களைப் படபடவென்று தட்டி, பிறகு கழுத்தைப் பின்னால் இழுத்து, நாக்கைத் தொங்கவிட வேண்டும். யாருடைய துணியாவது சக்கரத்துக்கு அருகே போனால், எச்சரிக்கை செய்ய இப்போது அங்கே இதைத்தான் காட்டுகிறார்களாம். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாளே பழகிக்கொள்கிறார்கள். அது ஓர் ஆளின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

என் மனைவிக்குத் தெரியும். எங்கள் கல்யாணப் பந்தலில் இருளாயி அவளுக்கு அதை விரல் விரலாகக் கற்றுக்கொடுத்துவிட்டார். இன்றும் சாப்பாட்டு வேளையில் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதன் விளைவுகளைச் சற்றுச் சிந்தித்தால்..." என்று தொடங்கினால், எங்கள் வீட்டில் ஒருவரும் எதிர்த்துப் பேசுவதில்லை. மனைவியும் இரண்டு மகள்களும் இடது கையை மெதுவாக வாய்க்கு நேரே உயர்த்துகிறார்கள். நான் ரசத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.