மாஸ்டரின் வயலினும் மேல்வீட்டுத் தட்டலும்

வயலினில் வில்லை வைத்து இரண்டு வரிதான் இழுத்திருப்பார். மேலே கூரையில் 'டொக்' என்றது.

பல் மாஸ்டர் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார். சத்தம் நின்றது. மறுபடியும் வில்லை வைத்தார். 'டொக்.' பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். 'டொக், டொக், டொக்.'

"ஆரம்பிச்சிட்டாங்க!" என்று கத்தினார்.

"யாரு?" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

"மேல்வீடு! குடிவந்து இன்னும் அட்டைப்பெட்டியக்கூடப் பிரிச்சிருக்க மாட்டாங்க. அதுக்குள்ள என் வாய அடைக்கப் பாக்கறாங்க. இரு, போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

மனைவி கையில் கரண்டியுடன் வாசலை மறித்து நின்றாள். "ஒரு வார்த்தையும் கேக்க வேணாம். போன தடவை இப்படித்தான் போய்க் கேட்டீங்க. அந்த மனுஷன் வீட்டையே காலி பண்ணிட்டாரு."

"அவருக்கு வேலை மாத்தலாச்சு."

"அவரே கெஞ்சிக் கேட்டு வாங்கின மாத்தல்."

மேல்வீட்டுக்குப் போவதில்லை என்று மனைவி அன்றே அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அவர் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் பல்செட் செய்கிறவர். பகலெல்லாம் மாவுக்கட்டு, மெழுகு, ஈறு நிறத்துப் பிளாஸ்டிக். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வயலினை எடுத்தால்தான் அவருக்கு அன்றைய நாள் ஆரம்பிக்கும். இதுவரை எந்த மேடையிலும் ஏறியதில்லை. இப்போதுதான் முதல் தடவையாக அழைப்பு வந்திருந்தது. டாக்டரம்மா மருத்துவமனையைப் பெரிதாக்கிக் கட்டியிருந்தார். திறப்பு விழாவுக்குப் பாட்டுக் கச்சேரி வைக்கலாமா என்று பேச்சு வந்தபோது, "வெளியாள் எதுக்கு? நம்ம மாஸ்டரே வாசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா ஆசையில் சொன்னாரா, மாஸ்டரின் வாயைக் கொஞ்ச நாள் அடைத்து வைக்கச் சொன்னாரா என்பது தெரியவில்லை. ஏனென்றால் இசையைப் பற்றி மாஸ்டரிடம் இருந்த அபிப்பிராயங்கள் அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் மனப்பாடம்.

கீபோர்டா? "ஒரு விரல அமுக்கினா நாப்பது பேர் வாசிக்கிற மாதிரி கேக்குது. அந்த நாப்பது பேரும் எங்கம்மா? வேலை போய் வீட்ல உக்காந்திருக்கான்!"

கித்தாரா? "முக்காவாசிப் பேர் அத மாட்டிக்கிறதே போட்டோவுக்குத்தான். தந்தி இல்லேன்னாக்கூடக் கண்டுபிடிக்க மாட்டான்."

இந்தக் காலத்துப் பாடகர்களா? "நான் செஞ்ச பல்செட்டக் கழட்டி வச்சிட்டுப் பாடற மாதிரி இருக்கு. ஒரு வார்த்தை வெளியில வருதா?"

டிரம்ஸ்காரர்கள் என்றால் அவருக்கு முகமே சிவந்துவிடும். "அது வாத்தியமே இல்ல, பாத்திரக்கடை. ஒருத்தன் உள்ள பூந்துட்டு வெளிய வர வழி தெரியாம அடிக்கிறான்."

இதையெல்லாம் அவர் அதிகமாகச் சொன்னது வரவேற்பு மேசைப் பெண்ணிடம். அவள் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே பாட்டை ஓடவிட்டுக்கொண்டிருப்பாள். அப்போது எங்கே திரும்பினாலும் அந்தப் பாட்டுத்தான். பேருந்தில், சலூனில், காய்கறிக் கடையில். வார்த்தைகள் பெரிதாக ஒன்றும் இல்லை. 'ஏ... ஏ...' என்று ஒருவன் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான்.

"யாரம்மா கூப்பிடறான்? கடைசிவரைக்கும் அந்த ஆள் வரவேயில்லையே!" என்பார் மாஸ்டர்.

"வந்துட்டா பாட்டு முடிஞ்சிடுமே மாஸ்டர்" என்பாள் அவள்.

அப்படிப்பட்டவர் விழாவில் வாசிக்கப்போவது என்ன என்பதில் ஊரே ஆவலாக இருந்தது. குறைந்தபட்சம் மாஸ்டர் அப்படி நம்பினார். மெதுவாக நடந்து ஆரம்பித்து ஓட்டமாக முடிகிற ஒரு பழைய மெட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார். அதை வீட்டில் வாசித்துப் பழகத்தான் மேல்வீடு விடவில்லை.

முதலில் சத்தத்தைக் குறைத்துப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தார். தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் மாட்டிவிட, தன் கையாலேயே ஈறு நிறப் பிளாஸ்டிக்கில் ஒரு கட்டை செய்துகொண்டுவந்தார். பார்க்க வயலினுக்கு ஈறு முளைத்தது போலிருந்தது. ஆனால் வேலை செய்தது. சத்தம் பாதியாகிவிட்டது.

மேலே தட்டலும் பாதியானது. ஆனால் நிற்கவில்லை.

"பாத்தியா? நான் மெதுவா வாசிச்சா அவங்களும் மெதுவாத் தட்டறாங்க. கேலி பண்றாங்க!"

"மெதுவாத்தானே தட்டறாங்க? விடுங்களேன்."

"சத்தமாத் தட்டினாக்கூடப் பொறுத்துக்குவேன். இது திமிரு."

மறுநாள் வயலினை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாலு பக்கமும் சுவர், மேலே சின்னக் கூரை. வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். முதல் வரி வாசித்தார். அமைதி. இரண்டாவது வரியும் வாசித்தார். முகத்தில் புன்னகை பரவும்போது, தலைக்குப் பக்கத்தில் ஓடிய குழாயில் 'டங்' என்றது. 'டங், டங், டங்.'

அவர் வாளியிலிருந்து எழுவதற்குள் வாசல் மணியும் அடித்தது. வந்தவர் குடியிருப்பின் செக்ரட்டரி.

"மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. கீழ்வீட்டுக்காரர் ஒரு விஷயம் கேக்கச் சொன்னாரு. உங்க பாத்ரூம் குழாயில ஏதாவது உயிரோட மாட்டிக்கிச்சா?"

மாஸ்டர் வயலினைப் பின்னால் மறைத்துக்கொண்டார். பிறகு, செக்ரட்டரியே வந்து நிற்கும்போது சும்மா விடுவானேன் என்று தோன்றியது. மேல்வீட்டின் அட்டூழியத்தை ஒன்று விடாமல் சொன்னார். "நான் போகக் கூடாதுன்னு வீட்ல உத்தரவு. நீங்க போய்ச் சொல்லுங்க. மனுஷன் முதல் தடவையா மேடை ஏறப்போறான். கொஞ்ச நாளைக்குத் தட்டாம இருக்கச் சொல்லுங்க."

செக்ரட்டரி படியேறிப் போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"நான் வாசல்ல நின்னு கூப்பிட்டேன். அந்தம்மா உள்ளேர்ந்தே குரல் குடுத்தாங்க. நீங்க மேடை ஏறப்போறதச் சொன்னேன். தட்டலப் பத்தி ஆரம்பிக்கறதுக்குள்ள, 'அப்படியா? அவர் பாட்டுக்கு வாசிக்கட்டும், நான் பாத்துக்கறேன்'னாங்க."

"பாத்துக்கறேன்னா?"

"பாத்துக்கறேன்னுதான்."

"எப்படிச் சொன்னாங்க? கோவமாவா, சிரிச்சுக்கிட்டா?"

செக்ரட்டரி யோசித்தார். "சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

"அது இன்னும் மோசம்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார் மாஸ்டர்.

அவர் பயந்தபடியே ஆயிற்று. மறுநாள் வில்லை வைத்ததும் மேலே கேட்டது பழைய மொத்தையான 'டொக்' இல்லை. சுத்தமான, கூர்மையான 'டக், டக், டக்'.

"ஆயுதத்த மாத்திட்டாங்க" என்றார் மாஸ்டர், ரத்தம் கொதிக்க.

வீடு சரிப்படாது என்று வயலினை வேலைக்கு எடுத்துப் போனார். மதிய இடைவேளையில் பின்னறைக் கதவை மூடிக்கொண்டு, மாவுக்கட்டில் அச்செடுத்த வாய்கள் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்க, வாசிக்க ஆரம்பித்தார். அவை சிரித்த மாதிரி இருந்தாலும் தட்டவில்லை. மெட்டின் உச்சத்துக்குப் போய் ஒரு கீச்சு இழுப்பு இழுத்தார்.

பக்கத்து அறையில், வாயைத் திறந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியவர் அதைப் பல் குடையும் மிஷின் என்று நினைத்துவிட்டார். மிஷின் சுவரைத் துளைத்துக்கொண்டு வருகிறது என்றே நினைத்தாராம். நாற்காலியிலிருந்து எழுந்து ஓடுவதற்கு முன்னால், பதற்றத்தில் வாயை மூடினார். டாக்டரம்மாவின் விரல் அப்போது உள்ளே இருந்தது.

"மாஸ்டர்," என்றார் டாக்டரம்மா, கட்டுப் போட்ட விரலை ஆட்டியபடி, "விழா வரைக்கும் இந்தக் கட்டடத்துக்குள்ள அந்தப் பெட்டியத் திறக்கக் கூடாது."

மாஸ்டர் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வரவேற்புப் பெண்ணுக்குப் பாவமாக இருந்தது.

"மாஸ்டர், நான் ஒண்ணு சொல்லட்டா? மேல்வீட்டம்மாவுக்கு உங்க பழைய மெட்டெல்லாம் புடிக்கல போல. இந்த 'ஏ... ஏ...' பாட்ட வாசிச்சுப் பாருங்களேன். புடிச்ச பாட்டுன்னா யார் தட்டுவாங்க?"

"என் வயலின்ல அதையா? அதுக்கு நான் வயலின விறகுக்குப் போட்டுருவேன்."

சொன்னாரே தவிர, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த யோசனை குடைந்தது. சரி, ஒரே ஒரு தடவை, ரசனையைச் சோதிப்பதற்காக மட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு வாசித்தார். கற்றுக்கொள்ளவே வேண்டியிருக்கவில்லை. விரல்கள் தாமாகவே போயின. அதுவேறு அவருக்கு எரிச்சலாக இருந்தது.

மேலே ஒரு சத்தமும் இல்லை. முதல் 'ஏ'யிலிருந்து கடைசி 'ஏ' வரை, கூரை அமைதியாக இருந்தது.

"பாத்தியா! பாத்தியா!" என்று துள்ளினார். "குப்பைன்னா காது குடுத்துக் கேக்கறாங்க. நல்லது வாசிச்சா தட்டறாங்க. இதுதான் இன்னிக்கு ஜனங்களோட ரசனை!"

"இது நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் மனைவி.

"நீயுமா?" என்று அவளைப் பார்த்த பார்வையில் அவள் சமையலறைக்குத் திரும்பிவிட்டாள்.

உடனே தன்னுடைய மெட்டை எடுத்தார். இரண்டாவது வரியில் 'டக்'.

அன்றுதான் மாஸ்டருக்கு வெறி பிடித்தது. தட்டலை நிறுத்த முடியாது. சரி, அமுக்கிவிடலாம். எப்போதெல்லாம் மேலே 'டக்' விழுகிறதோ, சரியாக அதே நேரத்தில் தானும் வில்லை ஓங்கி இழுத்தால் தட்டல் காதில் விழாதல்லவா? காலாலும் தரையை உதைத்தால் இன்னும் நல்லது. ஈறுக்கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அடுத்த தட்டல் எப்போது விழும் என்று காதைத் தீட்டிக்கொண்டு, அதன் தலைமேலேயே வில்லை இறக்கினார். முதல் நாள் பாதி தட்டல் தப்பித்தது. அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் மாட்டியது. விழாவுக்கு முந்தின சாயங்காலம் மெட்டு முழுவதிலும் ஒரு தட்டல்கூட அவர் காதில் விழவில்லை.

"அமுக்கிட்டேன்" என்றார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

விழாவன்று புதுக் கூடம் நிரம்பியிருந்தது. விரல் கடித்த பெரியவர்கூட வந்திருந்தார், கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில். மாஸ்டர் மேடை ஏறினார். வில்லை வைத்தார். மேலே யாரும் தட்டவில்லைதான். ஆனால் இத்தனை நாள் பழக்கத்தில் அந்த 'டக்' அவர் காதுக்குள்ளேயே கேட்டது. அதை அமுக்க வேண்டும் என்கிற அதே கோபத்தில் வாசித்தார். நடந்த மெட்டு ஓட்டமெடுத்தது, ஓடியது, சொன்ன இடத்தில் வந்து நின்றது. கூடமே கைதட்டியது.

"மாஸ்டர், கடிகாரம் மாதிரி வாசிச்சீங்க!" என்று டாக்டரம்மா கையைக் குலுக்கினார். "இவ்வளவு நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

அந்தச் சந்தோஷத்தோடு மாஸ்டர் நேராக வீட்டுக்கு வந்தார். வந்தவர் உள்ளே போகாமல், மாடிப்படியில் காலை வைத்தார்.

"என்னங்க! சத்தியம்!" என்றாள் மனைவி பின்னாலிருந்து.

"சண்டைக்குப் போகல. ஒரு தகவல் சொல்லிட்டு வரேன்."

மேல்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. "யாரு? உள்ள வாங்க, என்னால எழுந்து வர முடியாது" என்றது ஒரு பெண் குரல்.

உள்ளே போனார். தரையில் மெத்தை போட்டு, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் தொடைவரை மாவுக்கட்டில் நீண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஊன்றுகோலும், வழவழப்பான இரண்டு குச்சிகளும். அறையின் மூலையில், துணி போர்த்தியும் மறையாமல், பெரிதும் சிறிதுமாக ஒரு முழு டிரம்ஸ் செட்.

மாஸ்டரின் கண் அந்தப் பாத்திரக்கடையிலேயே நின்றது.

"கீழ்வீட்டு சார்தானே? உக்காருங்க. மேடைக் கச்சேரிக்கு வாசிக்கறவ நான். இப்ப காலு ஒடிஞ்சு கெடக்கேன். இன்னிக்குத்தானே உங்க நிகழ்ச்சி? எப்படிப் போச்சு? ஓடாம நின்னு வாசிச்சீங்களா?"

"ஓடறதா? நான் ஏன் ஓடணும்?"

"மொத நாளே கேட்டேன் சார். வில்லு நல்லாப் பேசுது. ஆனா நாலாவது அடி விழறதுக்குள்ள அடுத்த வரிக்குப் பாய்ஞ்சிடறீங்க. எறங்கி வந்து சொல்லலாம்னா காலு இல்ல. அதான் இங்கேர்ந்தே தாளம் போட்டேன். ஊன்றுகோல் சத்தம் உங்களுக்குப் பத்தலையோன்னு குச்சிக்கு மாத்தினேன். பாத்ரூம்ல வாசிச்சீங்களே, அன்னிக்கு நொண்டிக்கிட்டே போய்க் குழாயில போட்டேன். கடைசியா நீங்க என் தாளத்தப் புடிச்சுக்கிட்டீங்க பாருங்க, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!"

மாஸ்டரின் வாய், அளவெடுக்க உட்கார்ந்த நோயாளியின் வாயைப் போலத் திறந்தபடி நின்றது. பிறகு, பிடிமானத்துக்கு ஏதோ ஒன்று கிடைத்தது போல் அவர் கண்கள் பளிச்சிட்டன.

"அப்போ அந்த 'ஏ... ஏ...' பாட்டு? அதுக்கு மட்டும் ஏன் தட்டல? அது உங்களுக்குப் புடிச்ச பாட்டு, அதானே?"

"ஐயோ, அதக் கேட்டாலே எனக்குத் தலைவலி சார்" என்றாள் அவள். "ஆனா நீங்க தாளம் தப்பாம வாசிச்சது அது ஒண்ணத்தான்."