கருவாட்டுக் கள்ளனைப் பிடித்த பழைய கமரா

உலகத்தில் கமரா வைத்திருப்பவர்கள் எல்லாரும் படம் எடுப்பார்கள். எங்கள் பள்ளிமுனையில் ‘கமரா டொக்டர்’ மட்டும் கமராவுக்கு வைத்தியம் பார்ப்பார்.

அவருடையது சட்டைப்பைக்குள் அடங்கும் பழைய சாமான். செய்த கம்பனியே அதை மறந்து கனகாலம். யாரோ வெளியாட்கள் அதற்கென எழுதி இணையத்தில் இலவசமாக விட்ட மென்பொருளை மெமரி கார்ட்டில் ஏற்றி வைத்திருந்தார். “கம்பனிக்காரன் ஒளிச்சு வைச்சதெல்லாம் நான் திறந்திட்டன் தம்பி” என்பார்.

திறந்தாரே தவிர, வெளியே வரத்தான் நேரமெடுக்கும். என் தங்கச்சி மகளின் ஞானஸ்நானத்துக்குப் படமெடுக்க வந்தவர், “கொஞ்சம் பொறுங்கோ ஃபாதர், மெனுவுக்குள்ள நிக்கிறன்” என்றார். அவர் மெனுவை விட்டு வந்தபோது ஃபாதர் அடுத்த பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்டவரின் கையில்தான் என் நாய் ரைகரின் தலையெழுத்து போய்ச் சிக்கியது. பக்கத்து வீட்டு ரீற்றா அக்கா முற்றத்தில் காயப்போட்ட கருவாடு நாளுக்கு நாள் குறைந்தது. “உங்கட நாயின்ர வேலைதான். ஞாயிறு பூசைக்கு முன்னம் அதை எங்கயாவது கொண்டுபோய் விடுங்கோ” என்று சொல்லிவிட்டார். நான் நேரே டொக்டரிடம் ஓடினேன்.

“யோசிக்காதேங்கோ. ஏதும் அசைஞ்சா இது தானா படமெடுக்கும். கள்ளனைப் பிடிச்சுத் தாறன்” என்று டொக்டர் கமராவை மதிலில் இருத்தினார்.

முதல் நாள் ஒரு படமும் இல்லை. குற்றவாளி நான்தான். கார்ட்டின் ஓரத்துச் சின்னப் பூட்டு பூட்டியிருக்கக் கண்டு, உதவி செய்வதாக நினைத்துத் திறந்துவிட்டிருந்தேன்.

“ஐயோ கடவுளே! அதைப் பூட்டினாத்தான் என்ர புரோகிராம் வேலை செய்யும் எண்டு எத்தினைதரம் சொன்னனான்!”

இரண்டாம் நாள் நானூறு படம். அத்தனையும் கொடியில் காற்றுக்கு ஆடிய அக்கா புருசனின் சாரம். “எங்கட கலியாணத்துக்கே இவ்வளவு எடுக்கேல்லையே!” என்றார் அக்கா.

சனிக்கிழமை சாரத்தை எடுத்துவிட்டோம். பின்னேரம் கமராவைத் தனியே இருந்து பார்த்த டொக்டர், முகம் செத்துப்போய் நேரே அக்காவிடம் வந்தார். படத்தில் ரைகர் முருங்கைக்குக் கீழே நல்ல நித்திரை. பக்கத்தில், வாயில் கருவாட்டோடு, டொக்டரின் பூனை ராசாத்தி. தனிக்கட்டையான அந்த மனிதருக்கு வீட்டில் இருந்த ஒரே துணை அதுதான்.

“என்ர ராசாத்திதான் அக்கா. குறை நினையாதேங்கோ. ரைகர் பாவம்.”

அக்கா படத்தைப் பார்த்தார், டொக்டரின் முகத்தைப் பார்த்தார், சிரித்துவிட்டார். “படத்துக்கு எவ்வளவு வடிவா நிண்டு குடுத்திருக்கிறா பாருங்கோவன்! சரி, இனி மீன் தலையை நானே போடுறன்.”

அந்தப் படத்தை அழிக்க மெனுவுக்குள் போகவே தேவையில்லை, ஒரு பொத்தான் போதும். ஆயிரம் பொத்தானை அழுத்திய மனிதர் அதை மட்டும் அழுத்தவில்லை. ரைகர் இன்றைக்கும் என் வாசலில்தான் படுத்திருக்கிறது. மத்தியானத்தில் ராசாத்திக்கும் எங்கள் வீட்டில் ஒரு தட்டு உண்டு.