புத்தகம் வராத கல்குலேட்டர்

"புத்தகம் வந்து சேருமட்டும் இந்தப் பெட்டிய ஒருத்தரும் திறக்கப்படாது. நான் இந்த ஊட்டுல இரிக்குமட்டும் அது நடக்காது!"

உதுமாலெவ்வை இப்படிச் சட்டம் போட்டபோது நின்றுகொண்டிருந்தது மனைவி ஸாலிஹாவின் வீட்டில். மருதமுனையில் வீடு பெண்ணின் பேரில் எழுதப்படுவது. மாப்பிள்ளை என்பவர் வந்து குடியிருப்பவர். சீதன வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு கிடைத்த புது வீட்டின் உறுதியும் ஸாலிஹாவின் பேரில்தான். இருபத்திரண்டு வருடத்தில் உதுமாலெவ்வை அங்கே போட்ட முதலாவது சட்டம் இது. தலை போனாலும் விடுவதில்லை என்று நின்றார்.

பெட்டி கட்டாரிலிருந்து வந்தது. அனுப்பியவன் ஸாலிஹாவின் தம்பி சப்ரி. உள்ளே இருந்தது, கோடு வளைவெல்லாம் திரையில் கீறிக் காட்டும் கல்குலேட்டர்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரவில் ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் மனிதனுக்கு அது எதற்கு? ஊரே கேட்ட கேள்விதான். தொண்ணூற்றெட்டில் சவூதியிலிருந்து வந்த ஒருவரிடம் இப்படி ஒன்றை அவர் வாங்கியிருந்தார். அதுவல்லவா பெட்டி! சப்பாத்துப் பெட்டி அளவில் மட்டை, உள்ளே ரெஜிபோம் மெத்தை, மெத்தைக்குக் கீழே முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க ஆங்கிலப் புத்தகம். அகராதியை மடியில் வைத்து இரண்டு வருடம் படித்தார். முடியும்வரை ஒரு பட்டனைத் தொடவில்லை. கடைசிப் பக்கம் முடிந்த அன்றுதான் திரையில் ஓர் அலையை எழுப்பினார்.

சுனாமி மெஷினை எடுத்துக்கொண்டு, புத்தகத்தைப் பூவரசங் கொப்பில் விட்டுவிட்டுப் போனது. வேறு எதையெல்லாம் எடுத்தது என்று அவர் யாரிடமும் கதைப்பதில்லை. புத்தகத்தைப் பக்கம் பக்கமாக வெயிலில் காயவைத்தார். அவ்வளவுதான்.

இப்போது, சண்டை முடிந்த வருடத்தில், மெஷின் வந்திருக்கிறது, புத்தகம் இல்லை. மட்டைப்பெட்டியும் இல்லை. தடித்த பிளாஸ்ரிக் கோது, கடையில் தொங்கவிட மேலே ஓர் ஓட்டை, பின்னட்டையில் எறும்பு எழுத்தில் ஒரு வரி: முழு விளக்கமும் உள்ளே இருக்கும் சீடீயில்.

"சீடீயாம்! ஊட்டுல கொம்பியூட்டர் இரிக்கா? நாவிதன்வெளி வயல்ல குருவி வெருட்டத்தான் கட்டோணும்."

"அந்தப் பழைய புத்தகம் இரிக்கே," என்றாள் ஸாலிஹா.

"அது வேற மொடல் புள்ள. ஒருத்தன்ட கலியாணக் காவின் எழுத்த வச்சி இன்னொருத்தன் மாப்பிள்ளையா வரேலுமா?"

"முறையா வந்தவர் மட்டும் என்னத்தக் கிழிச்சாராம்?"

ஸாலிஹாவுக்கு அவசரம் இருந்தது. அவளும் பக்கத்து வீட்டுக் கமீலாவும் தறியில் நெய்பவர்கள். சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு வந்த கொழும்பு வியாபாரி ஒருவர், சாரனில் அலைக்கரை கேட்டிருந்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் மாதிரி பிடித்துவிட்டால் வருடம் முழுக்க இரண்டு தறிக்கும் வேலை. கையால் கீறிய அலைகளில் ஒன்று ஒட்டகமாக நிமிர்ந்தது, மற்றது பூனையாகப் படுத்தது.

"ஒரே ஒரு அலை கீறித் தாங்களன். கட்டம் கட்டமாப் பாத்து நூலப் போட்டுருவன்."

"புத்தகம் வரட்டும்."

"எப்ப வரும்?"

"கம்பனிக்கு எழுதிரிக்கன்."

"கம்பனிக்காரன் என்ன, உங்கட மாமிட மகனா?"

"என்ட உரிம அது! காசு குடுத்து வாங்கின சாமானுக்குப் புத்தகம் தரோணும்!"

"காசு குடுத்தது என்ட தம்பி."

உதுமாலெவ்வை பெட்டியை முன்னறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். வேலிக்கு மேலால் கமீலா எட்டிப் பார்த்தாள்.

"மச்சான், ஊடு கட மாதிரி இரிக்கி. விலையையும் எழுதி ஒட்டுங்க."

அவர் அசையவில்லை. இரவில் முன்னறையைப் பூட்டிச் சாவியோடு வேலைக்குப் போவார். காலையில் வேலையால் வந்து பெட்டிக்குக் கீழேயே பாய் போட்டுப் படுப்பார். பின்னேரம் அஸர் பாங்கோடு கண் திறந்ததும் முதலில் சுவரைப் பார்ப்பார். பெட்டி அதே ஆணியில், அதே முகத்தைக் காட்டிக்கொண்டு. கை மட்டும் வைக்கமாட்டார். சட்டம் சட்டம்தான்.

இரண்டாம் கிழமையோடு ஸாலிஹா கேட்பதை நிறுத்திவிட்டாள். வியாபாரிக்கு மாதிரி பிடித்துவிட்டதாம். உதுமாலெவ்வைக்கும் ஒரு புதுச் சாரன் நெய்து கொடுத்தாள்; நீலத்தில் வெள்ளை அலை.

"பரவாயில்லையே, கை நல்லாப் பழகிட்டு," என்று மெச்சினார்.

"ஓம். பழகிட்டு."

பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில் கம்பனியின் பதில் வந்தது. நாலே வரி. இப்போது புத்தகம் அச்சடிப்பதில்லை, சீடீயைப் பார்க்கவும், நன்றி. நின்றபடியே மூன்று தரம் வாசித்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார்.

"திறக்காத பெட்டிய அப்படியே திருப்பி அனுப்பப் போறன்! உலகமே சீடீக்குப் பின்னால போனாலும், மருதமுனையில ஒரு மனிசன் போகல்ல எண்டு அவனுகள் அறியட்டும்! கமீலா, இஞ்ச வா! நீதான் சாட்சி!"

புதுச் சாரனை இறுக்கி உடுத்து, ஆணியிலிருந்து பெட்டியைக் கழற்றினார். பொதி செய்வதற்காகத் திருப்பிப் பார்த்தார்.

பின்னட்டையை மூன்று பக்கமும் பிளேட்டால் வெட்டியிருந்தது. வெட்டின் ஓரமெல்லாம் நீல நூலால் தையல். நுனியில், அறுந்த இழைக்கு நெசவுகாரிகள் போடும் முடிச்சு.

நூலை இழுத்தார். மெஷின் வழுக்கிக் கைக்குள் விழுந்தது. பட்டனை அமர்த்தினார். திரையில் ஓர் அலை. குனிந்து சாரனைப் பார்த்தார். அதே அலை.

சாட்சி கமீலா கோழியைத் தேடுவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"ஸாலிஹா..."

அவள் சாவகாசமாகத் தறியடிக்குப் போய் ஒரு கொப்பியோடு வந்தாள். முதுகில் அதே நீல நூல் தையல்.

"நீங்க கேட்டது புத்தகம்தானே? கம்பனிக்காரன் தராட்டிப் போறான். உங்கட பழைய புத்தகத்துப் படங்களப் பாத்து, பட்டன் பட்டனா அமத்தி நானே எழுதினன். தமிழ்லதான் இரிக்கி, அகராதி தேவல்ல. மொடல் வேற எண்டாலும் அலை ஒண்டுதான்."

வந்தது கோபமா, மற்றதா என்று உதுமாலெவ்வைக்கே தெரியவில்லை. ஆனால் எந்தப் புத்தகத்தையும் முதற்பக்கத்திலிருந்து படிக்கிற மனிதர் அவர். மெஷினைக் கீழே வைத்தார். சம்மணமிட்டு உட்கார்ந்து கொப்பியைத் திறந்தார். குண்டு குண்டான எழுத்தில் முதல் வரி இருந்தது:

'ஒன்று: மாப்பிள்ளை குறட்டை விடும்வரை பொறுத்திருக்கவும்.'