நடுத்தர இமைக்கான நகராட்சித் தீர்மானம்

லிண்ட்மோ நகராட்சியின் சுகாதாரக் குழுவில் ஏழு பேர். எட்டாவது ஆள் நான், குறிப்பெழுத்தர். எனக்குப் பேசும் உரிமை கிடையாது, காப்பி குடிக்கும் உரிமை உண்டு.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பொதுமக்களின் இமைமுடியை மேல்நோக்கி நிமிர்த்துவதற்கு உகந்த கருவி எது என்ற அதிமுக்கியமான பொருள் குழுவின் முன் வந்தது. ஏரியில் சாக்கடை கலக்கும் விவகாரத்தை இதற்காக இலையுதிர் காலத்துக்குத் தள்ளி வைத்தோம்.

காரணம் யோர்டிஸ். ரயிலடித் தெருவில் தனியாளாக இமை அலங்காரக் கடை நடத்துபவள். உரிமத்தைப் புதுப்பிக்க வந்திருந்தாள். ஜூனில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பெண்கள் வெள்ளைத் தொப்பி போட்டு லாரியில் ஊர்வலம் போவார்கள். அதற்காக முப்பத்திரண்டு பேர் அவளிடம் நாள் குறித்திருந்தார்கள். அந்த இரண்டு வாரம் கைகூடினால்தான் அவள் கடை வருஷம் முழுக்கத் தாங்கும்.

எங்கள் ஊரில் அதிகாரியையும் பெயர் சொல்லி, நீ என்றுதான் கூப்பிடுவோம். அதனால் மரியாதை குறைவதில்லை. அதிகாரமும் குறைவதில்லை.

"மூணு அளவுல அச்சு எதுக்கு வெச்சிருக்க?" என்று கேட்டார் குழுத் தலைவர் தூரே.

"இந்த சிலிக்கான் அச்சு மேல முடியை ஒட்டி மருந்து தடவினா, அச்சோட வளைவு முடியில அப்படியே நிக்கும், தூரே. குட்டை முடிக்குச் சின்ன அச்சு, நீள முடிக்குப் பெரிசு. மாத்தி வெச்சா கெட்டுது."

"யாருக்கு எதுன்னு யார் முடிவு பண்றது?"

"நான்தான். கண்ணைப் பார்த்து."

ஏழு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு தனிநபர், குழு கூடாமல், கண்ணைப் பார்த்து முடிவெடுப்பதா!

உறுப்பினர் ஈங்கேலாவுக்குத் தாங்கவில்லை. "சின்னது கிடைச்சவ மனசு என்ன பாடுபடும்னு யோசிச்சியா?"

"அவ அழகா இருப்பா, ஈங்கேலா. செருப்புக் கடையிலயும் அளவு பார்த்துதானே குடுக்கறான்? அவனையும் நிறுத்தப் போறியா?"

"செருப்பு வேற துறை" என்றார் தூரே.

பிறகு பொறியியல் பிரிவிலிருந்து அளவுகோல் வரவழைத்து, ஏழு உறுப்பினர்களின் இமைமுடியையும் அளந்து சராசரி கண்டார்கள். நடுத்தர அச்சே நீதியானது என்று புலப்பட்டது. மற்ற இரண்டையும் பெட்டியில் போட்டு முத்திரை வைப்பதென்று முன்மொழியப்பட்டது.

"யாருக்காவது மறுப்பு உண்டா?" என்று தூரே சுற்றிலும் பார்த்தார்.

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை. மறுத்தால் கூட்டம் நீளும், நீண்டால் காப்பியோடு வரும் லவங்கப்பட்டை பன் ஆறிவிடும். மௌனம் சம்மதம். தூரே சுத்தியலால் மேசையைத் தட்டினார். நான் 'ஒருமனதாக' என்று எழுதினேன். கை கூசவில்லை, இருபது வருஷப் பழக்கம்.

முதலில் வந்த ஆறு பெண்களிலேயே தீர்மானத்தின் பலன் தெரிந்துவிட்டது. குட்டை முடி அச்சில் ஏறாமல் தேய்ந்த பல்துலக்கி மாதிரி நீட்டிக்கொண்டது. நீள முடி அளவுக்கு மீறிச் சுருண்டு மேலிமையையே குத்தியது. மீதி இருபத்தாறு பேரும் பஸ் ஏறிப் பக்கத்து ஊரான ஏக்பிக்குப் போய்விட்டார்கள்.

"மக்களுக்கு நம்பிக்கை போதலை. நாமதான் முன்மாதிரியா இருக்கணும்" என்றார் தூரே. இதற்கும் மறுப்பில்லை. எட்டுப் பேரும் யோர்டிஸ் கடைக்குப் போய் வரிசையாகப் படுத்தோம், குறிப்பெழுத்தருக்கும் விலக்கு கிடையாது. எட்டுப் பேருக்கும் நடுத்தர அச்சையே வைத்து அவள் வேலையை முடித்தாள். ஏழு பேரின் சராசரி ஏழு பேரில் ஒருவருக்கும் பொருந்தவில்லை. எனக்கும்தான்.

கண்ணை முழுசாக மூட முடியாமல் அலுவலகம் நடத்தினோம். புகார் கொடுக்க வந்தவர்கள், தங்கள் குறையை நகராட்சி முதல்முறையாக இவ்வளவு வியப்போடு கேட்கிறது என்று பூரித்துப் போனார்கள்.

ஜூன் கடைசியில் யோர்டிஸ் கடையைப் பூட்டினாள். உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏக்பிக்குக் குடிபெயர்ந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆகஸ்டில் மருந்தின் வேகம் தணிந்து முடி பழையபடி படிந்தது. சரியான அளவு அச்சில் ஒருமுறை நிமிர்த்திப் பார்க்க எனக்கு ஆசை. ஒரு சனிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் ஏக்பி பஸ்ஸில் ஏறினேன். முன் இருக்கையில் தூரே, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. நடுவில் ஈங்கேலா, பத்திரிகைக்குப் பின்னால். மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு இருக்கையில். யாரும் யாரையும் பார்க்கவில்லை. யோர்டிஸின் புதுக் கடை வாசலில் வரிசைச் சீட்டைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அவள் வெளியே வந்து எட்டு ஜோடிக் கண்களையும் நிதானமாகப் பார்த்தாள். கையில் மூன்று அளவு அச்சுக்கும் மூன்று பெட்டி.

"எல்லாருக்கும் நடுத்தரம்தானே? யாருக்காவது மறுப்பு உண்டா?"

தூரே தரையைப் பார்த்தார். ஈங்கேலா சீட்டை மடித்தாள். எனக்கு மறுப்பு வாய்வரை வந்தது. இங்கே நான் குறிப்பெழுத்தர் இல்லை, பேசலாம். வாய்தான் திறக்கவில்லை.

யோர்டிஸ் இமைச் சீப்பின் காம்பால் வாசலில் கிடந்த மேசையைத் தட்டினாள்.

"எழுதிக்கோ" என்றாள் என்னைப் பார்த்து. "ஒருமனதாக."