அளவுச் சட்டையும் மிலிட்டரி கோட்டும்

பொய் சொல்வது அளவுச் சட்டையா, தன் கண்ணா என்று ஜீவாவுக்குத் தெரியவில்லை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இர்ஷாத் பாயின் பழைய துணிக் கடை. தையல் மிஷின் மேல் ஒரு மிலிட்டரி கம்பளிக் கோட்டு கிடந்தது. எந்தச் சிப்பாய் எந்தப் பனியில் போட்டதோ, தூக்கினால் ஆட்டுக்குட்டி கனம் கனத்தது. அதன் மேல், வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் வந்து சேர்ந்த அளவுச் சட்டையை விரித்திருந்தார் பாய்.

"தோளு கரெக்டு. கையும் கரெக்டு. அப்பிடியே கட்டிக்கினு போ தம்பி."

"மாமா இவ்ளோ அகலம் இல்ல பாய்."

மாமா என்றால், இன்னும் மாமா ஆகாத மாமா. கலையரசியின் அப்பா முனியன். வடக்கனந்தலில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் ஜீவா பெண் கேட்டுப் போனபோது அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போன வாரம் போன் வந்தது.

"கொல்லைல பனி ஜாஸ்தி தம்பி. மிலிட்டரி கோட்டு ஒண்ணு வாங்கினு வா. அளவுச் சட்ட அனுப்புறேன். சொன்ன வேலய சொன்னபடி செய்யிறவனுக்குத்தான் என் பொண்ணு."

டொக்கென்று வைத்துவிட்டார்.

ஜீவா அவரை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறான். ஆள் குள்ளம், தொப்பை முன்னால் வரும். இந்தச் சட்டைக்கோ இரண்டு ஆள் தோள், முழங்காலைத் தொடும் கை, வயிறு என்பதே கிடையாது. சேலத்தில் நர்ஸிங் படிக்கும் கலையரசிக்குப் போன் போட்டான்.

"உங்கப்பா தோளு எவ்ளோ இருக்கும்?"

"இன்னா கேள்வி இது?"

"கோட்டு கேட்டாரு."

"எங்கப்பாவா? அவருக்குக் குளுரே தெரியாது. மார்கழில கூட வெறும் துண்டோட சுத்துவாரு."

"வயசாவுது இல்ல."

"இத பாரு, அப்பா கத்துவாரு, அவ்ளோதான். எங்க வூட்டுல கடைசி வார்த்த அம்மாதுதான். பயப்படாத."

பயப்படாதே என்றதும்தான் ஜீவாவுக்குப் பயமே வந்தது. சட்டைப்படி வாங்கினால் கோட்டு மாமாவை விழுங்கிவிடும், ஊரே சிரிக்கும். ஆளுக்கு அளவாகத் தைத்தால் சொன்ன பேச்சு கேட்காதவன் ஆகிவிடுவான். யோசித்து யோசித்து, கண்ணையே நம்பினான்.

"கைய நாலு வெரக்கட கொறைங்க பாய்."

"சட்டைல அப்பிடி இல்லியே."

"சட்டைய வுடுங்க."

பாய் குறைத்தார். கையைக் குறைத்தால் தோள் தூக்கிக்கொண்டு நின்றது. தோளைப் பிடித்தால் வயிறு மூடவில்லை. கீழே வெட்டிய துணியை இரண்டு பக்கமும் ஒட்டுக் கொடுத்து வயிற்றை அகலமாக்கினார்கள்.

"இது கோட்டா, புள்ளத்தாச்சிக்குத் தச்ச கவுனா?" என்று பாய் தன் வேலையைத் தானே வெறுப்போடு பார்த்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பாச்சை உருண்டை வாடை மூக்கைத் துளைத்தது. இதை எப்படிப் பெண் வீட்டில் கொடுப்பது? அண்டாவில் வெந்நீர் கொதிக்க வைத்து முக்கினான். காய்ந்து வந்த கோட்டு பாதியாகச் சூம்பியிருந்தது. கடைக்கு ஓடினான்.

"கம்பளிய கொதிக்கிற தண்ணில போடுவாங்களாடா?" பாய் முதல்முறையாக டா போட்டார்.

"வேற கோட்டு இருக்குதா பாய்?"

"இருந்ததே அது ஒண்ணுதான்."

ஞாயிற்றுக்கிழமை மலை பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பொய்யை யோசித்து, அடுத்த வளைவில் அதைக் கைவிட்டான். வெள்ளிமலையில் இறங்கி நடந்தான். முனியனின் மரவள்ளிக் கொல்லையில் காட்டுப்பன்றி கிளறிப்போட்ட குழிகள். நடுவில் மூங்கில் குறுக்குக் கட்டையும் தலையில் கவிழ்த்த சட்டியுமாக ஒரு பொம்மை அம்மணமாக நின்றது. இதற்காவது அளவுத் தொல்லை இல்லை என்று ஜீவா பொறாமைப்பட்டான்.

முனியன் வெறும் துண்டோடு உட்கார்ந்திருந்தார். பையைப் பிரித்தார். அளவுச் சட்டையைக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தார். சட்டைதான் நாலு பக்கமும் வெளியே தெரிந்தது.

"அளவுக்குச் சட்ட குடுத்தேன் இல்ல?"

"குடுத்தீங்க மாமா."

"பின்ன?"

"உங்களுக்கு அது பெருசா இருக்கும்னு…"

"எனக்கா?" முனியன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "போடு. நீயே போடு, பாப்போம்."

ஜீவா மாட்டினான். பாழாய்ப்போன கோட்டு அவனுக்கென்றே தைத்ததுபோல் உட்கார்ந்தது. முனியன் அவனைச் சுற்றி வந்தார்.

"ஒரு வேல சொன்னேன். ஒரே ஒரு வேல. அத சொன்னபடி செஞ்சானா பாரு" என்று வீடு அதிரக் கத்தினார்.

கலையரசி போனாள், எல்லாம் போயிற்று என்று ஜீவா கோட்டைக் கழற்றப் போனான்.

சத்தம் கேட்டு, மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள் கலையரசியின் அம்மா காசியம்மாள். கோட்டையும் ஜீவாவையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் புருஷனிடம் சொன்னாள்:

"இன்னாத்துக்குக் கத்துற? கொல்லப் பொம்மைக்குக் கேட்ட கோட்டு மாப்பிள்ளைக்கு அளவா அமைஞ்சிருக்குது, இன்னிக்கு ராத்திரி பன்னி வெரட்ட அவரயே அங்க நிக்கச் சொல்லு."