முப்பத்தெட்டாயிரம் ரூபாய்ப் பூஞ்சை

சரியாக அறுபத்தெட்டு மணித்தியாலங்கள் இருந்தன. திங்கட்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் துஷாந்தினி அதை விரல்விட்டு எண்ணினாள். தாளில் எழுதியும் பார்த்தாள். வியாழக்கிழமை காலை பத்து மணிவரை அறுபத்தெட்டுத்தான். எப்படிக் கூட்டினாலும் ஒரு மணித்தியாலம்கூட அதிகம் வரவில்லை.

மேசைமேல் பாடசாலைக் கெமரா இருந்தது. அதன் லென்ஸுக்குள் பூஞ்சை இருந்தது.

ஓரத்தில் தொடங்கிய வெள்ளை இழைகள் கிளைவிட்டுக் கிளைவிட்டு நடுக்கண்ணாடிவரை வந்திருந்தன. போன கிழமைதான் அவள் பத்தாம் தரத்துக்குப் பங்கசு பாடம் எடுத்தாள். கரும்பலகையில் அவள் வரைந்த படம் இவ்வளவு தெளிவாக வந்திருக்கவில்லை.

கெமராவை வெள்ளிக்கிழமை அவளிடம் கொடுத்தவர் அதிபர் மாணிக்கவாசகம். இரத்தோட்டைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டப் பாடசாலையில் அவர் குறைவாகப் பேசுவார். அவள் பேசவே மாட்டாள்.

"நீங்க சயன்ஸ் டீச்சர். மூணு நாலு நாள் வச்சிருந்து பாருங்க" என்றார். "வியாழக்கிழமை பத்து மணிக்குக் கல்விக் காரியாலயத்துல இருந்து ஆட்கள் வர்றாங்க. அப்ப இது என் மேசையில இருக்கணும்."

வருகிறவர்களைப் படம் பிடிப்பதற்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள். எதற்கு சார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இருபத்தேழு வயதுவரை அவள் யாரிடமும் எதற்கு என்று கேட்டதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, பையைத் திறந்துகூடப் பார்க்காமல், அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். வெளியே ஒன்பது நாளாக மழை.

மூன்று நாளில் இவ்வளவு வளருமா என்று அவளுக்குள் இருந்த விஞ்ஞானப் பட்டதாரி கேட்டாள். உன் அலுமாரியில் எதுவும் வளரும் என்று அவளுக்குள் இருந்த பயந்தவள் பதில் சொன்னாள். வழக்கம்போலப் பயந்தவள்தான் வென்றாள்.

பேராதனையில் முதுமாணிப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நாற்பதாயிரம் ரூபாய் கட்டவேண்டும். அதிபரின் அனுமதிக் கடிதத்தையும் கொடுக்கவேண்டும். பணம் பதினான்கு மாத ரியூஷன் வகுப்புகளால் சேர்ந்து வங்கியில் இருந்தது. கடிதம் அதிபரின் மேசையில் கையொப்பமில்லாமல் கிடந்தது. வியாழக்கிழமை வைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். தன் கெமராவில் பூஞ்சை வளர்த்தவளுக்கு எந்த அதிபர் கையொப்பம் வைப்பார்?

கண்டியில் கெமரா துப்புரவு செய்யும் கடையொன்றின் இலக்கத்தைத் தேடிப் பிடித்து அழைத்தாள். ஒரு பெண் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினாள். லென்ஸைக் கழற்றிப் பூஞ்சை எடுக்கப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. பத்து நாள் ஆகும். அவசரமென்றால் அதற்குத் தனிக் கட்டணம். துஷாந்தினி மூன்று தடவை நன்றி சொல்லிவிட்டு வைத்தாள்.

பன்னிரண்டாயிரத்து ஐந்நூறை எடுத்தால் கட்டணத்தில் ஓட்டை விழும். தானே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தாள். ஈரத்தில் வளர்வது ஈரமில்லாவிட்டால் வளராது. ஆய்வுகூடத்தில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகள் ஒரு போத்தல் இருந்தது நினைவுக்கு வந்தது. மழையில் நனைந்துகொண்டு திரும்பவும் பாடசாலைக்கு ஏறினாள். போத்தலின் மூடி இரண்டாம் தவணையிலிருந்து திறந்தே இருந்திருக்கிறது. நீலமாக இருக்கவேண்டிய மணிகள் இளஞ்சிவப்பாகி, குடிக்க இடமில்லாமல் நிறைந்திருந்தன. அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து தாச்சியில் போட்டு வறுத்தாள்.

"என்னா புள்ள வறுக்கிற?" என்றாள் அம்மா கமலாட்சி.

விஷயத்தைச் சொல்லவேண்டியதாயிற்று. அம்மா லென்ஸை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அரிசிக்குள் புதைக்கலாமே என்றாள். அரிசித் தூசு உள்ளே போய்விடும் என்று மகள் மறுத்தாள். அம்மா அதன்பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கமலாட்சி ஒன்றும் சொல்லாவிட்டால் ஏதோ செய்யப்போகிறாள் என்று அர்த்தம். வறுத்த மணிகளோடு லென்ஸைப் பிஸ்கட் டின்னில் அடைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்த மகளுக்கு அது தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் பாடசாலையிலிருந்து வந்தபோது டின்னுக்குள் மணிகள் மட்டும் இருந்தன.

கமலாட்சிக்கு வாசனைத் திரவிய ஸ்டோரில் வேலை. இரவு பகலாகச் சூடான காற்று ஓடும் அறையில் தட்டுத் தட்டாக ஏலக்காய் காயவைப்பார்கள். உலகத்தில் ஈரமே இல்லாத இடம் அதுதான் என்பது அவள் அனுபவம். லென்ஸைக் காலையில் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டுபோய், மேல்தட்டில், ஏலக்காய்க்கு நடுவே, யார் கண்ணிலும் படாமல் வைத்து, எட்டு மணித்தியாலம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தாள்.

"பாரு, எப்பிடி காஞ்சிருக்குன்னு. ஒரு சொட்டு ஈரமில்ல."

ஈரமில்லைதான். கண்ணாடி முழுவதும் மஞ்சளாக எண்ணெய்ப் படலம். அதன் வழியே பார்த்தபோது அம்மா பாயாசத்துக்குள் நிற்பதுபோலத் தெரிந்தாள். பூஞ்சை அப்படியே இருந்தது. இப்போது அதற்கு நல்ல வாசனையும் இருந்தது.

அம்மாவைத் திட்ட மனம் வரவில்லை. அழலாம் என்று நினைத்தாள். லென்ஸை மடியில் வைத்துக்கொண்டு அழுதால் அதிலும் ஈரம் சேரும் என்பதால் அதையும் செய்யவில்லை.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு மாத்தளை டவுனுக்கு பஸ் ஏறினாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் இரண்டு தடவை மோந்து பார்த்துவிட்டு, பிரியாணி எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று விசாரித்தார். டவுனில் நப்லான் என்பவர் கைத்தொலைபேசி திருத்தும் சின்னக் கடை வைத்திருந்தார். அவர் கைபட்ட போன் பேசாமல் போனதில்லை என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள். கெமரா திருத்துவீர்களா என்று அவள் தரையைப் பார்த்துக் கேட்டாள்.

"போனுக்குள்ளயும் கெமராதானே தங்கச்சி இரிக்கிது" என்றார் நப்லான். "இது கொஞ்சம் பெரிசு. அவ்வளவுதான். பயப்புட வாணாம்."

அவர் ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கினார். துடைத்தார், ஊதினார், பிஸ்மில்லாஹ் சொல்லித் திரும்பப் பூட்டினார். எல்லாம் முடிந்தபிறகு மேசையில் மெல்லிய கறுப்பு வளையம் ஒன்று மிச்சமிருந்தது. இரண்டு பேரும் அதைச் சிறிது நேரம் பார்த்தார்கள்.

"இது எக்ஸ்ட்ராவா வச்சிரிப்பாங்க" என்றார் அவர். "ஜப்பான்காரன் எப்பவும் ஒண்டு கூடத்தான் போடுவான்."

கெமராவை இயக்கினால் லென்ஸ் முன்னும் பின்னும் போய், தொண்டையில் சளி கட்டியவர்போல உறுமியது. எண்ணெய் போகவில்லை; மையத்திலிருந்து ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. நப்லான் காசு வாங்க மறுத்து, வளையத்தைத் தாளில் மடித்துக் கொடுத்து, துஆச் செய்வதாகச் சொன்னார். அவருடைய முகத்திலேயே அவ்வளவு கவலை இருந்ததால் துஷாந்தினிதான் அவருக்கு ஆறுதல் சொல்லவேண்டி வந்தது.

இனிக் கண்டிதான். மதியம் போய்ச் சேர்ந்தாள். கடையில் வெள்ளைக் கையுறை போட்ட மெலிந்த மனிதர் ஒருவர் லென்ஸைக் கையில் எடுத்தார். பார்ப்பதற்கு முன் மோந்தார். இருபத்திரண்டு வருடத்தில் கடல்நீர் புகுந்த லென்ஸ் பார்த்திருக்கிறேன், கலியாணக் கேக் அப்பிய லென்ஸ் பார்த்திருக்கிறேன், பசியெடுக்க வைத்த லென்ஸ் இதுதான் முதல் என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு சிரிப்பில்லாமல் எழுத ஆரம்பித்தார்.

பூஞ்சைக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. எண்ணெய்க்கு ஒன்பதாயிரம். வளையத்தைத் திரும்பப் பொருத்தி நேர் செய்ய எட்டாயிரத்து ஐந்நூறு. உள்ளே தூசு விழுந்திருந்ததால் அதற்கு நாலாயிரம். இன்றைக்கே வேண்டுமென்றால் இன்னுமொரு நாலாயிரம். மொத்தம் முப்பத்தெட்டாயிரம்.

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பேரம் பேசத் தெரியாதவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வேலை சீக்கிரம் முடிந்துவிடும். வங்கி இயந்திரத்திலிருந்து எடுத்துவந்து எண்ணிக் கொடுத்தாள். பணத்தை யாரிடமாவது கைமாற்றாக வாங்கலாம், கையொப்பத்தைக் கைமாற்றாக வாங்க முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாரிடம் வாங்குவது என்று அவள் யோசிக்கவில்லை. கடன் கேட்கவும் வாய் வேண்டுமே.

மாலை ஆறு மணிக்கு லென்ஸ் வந்தது. அதற்குள் ஒன்றுமே இல்லை. அவ்வளவு சுத்தமான வெறுமையை அவள் முன்பு பார்த்ததில்லை.

வியாழக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு அதிபரின் மேசையில் கெமராவை வைத்தாள். அவர் அதைத் திறந்து பார்க்கவில்லை. வழக்கத்துக்கு மாறாக மலர்ந்த முகத்தோடு இருந்தார். கடிதத்தை எடுத்து முன்னால் வைத்து, பேனையின் மூடியையும் கழற்றினார். அந்த நேரம் பார்த்து வாகனம் வந்து நின்றது. சிற்றூழியர் விஜிதா, நாற்பது வயதுக்காரி, தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள்.

வந்தவர்களில் மூத்தவர் கோவையொன்றைத் திறந்தார். அதிபர் கெமராவை மெதுவாக அவர் பக்கம் தள்ளினார். பிணத்தின் முகத்தைக் காட்டும் உறவுக்காரர்போல அவர் முகம் வாடியிருந்தது.

"நான் சொல்றத விட, நம்ம சயன்ஸ் டீச்சரே சொல்லட்டும்" என்றார். "ஆறு நாளா அவங்ககிட்டதான் இருந்திச்சி."

எல்லோரும் துஷாந்தினியைப் பார்த்தார்கள். அவள் நிமிர்ந்தாள். முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கொடுத்த தைரியம் தொண்டைவரை வந்தது.

"ரொம்ப நல்லா இருக்குங்க சார். ஒரு பழுதும் இல்ல."

அவள் வாழ்க்கையில் அதிகாரிகள் முன்னால் பேசிய முதல் வாக்கியம் அது. மூத்தவர் கெமராவை எடுத்து ஜன்னல் வழியே குறிவைத்தார். பிறகு திரும்பி அதிபரையே ஒரு படம் எடுத்தார். திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். அதிபரின் மீசையில் நரைமுடிகளை எண்ணலாம்போல இருந்தது. அந்த மீசைக்குக் கீழே வாய் திறந்தபடி இருந்தது.

"இத ஏன் பாவனைக்குதவாத பொருள்னு எழுதியிருக்கீங்க?" என்றார் மூத்தவர். "இன்னும் ஆறேழு வருஷம் தாராளமா ஓடும். அப்ப புதுக் கெமராவுக்குக் கேட்டிருந்ததையும் வெட்டிடுறேன்."

வெட்டினார். அடிமட்டத்தை வைத்து நேராகவே வெட்டினார்.

அதிபர் பேனையின் மூடியைப் போட்டார். கடிதத்தை எடுத்தார், லாச்சியைத் திறந்தார், உள்ளே வைத்தார், மூடினார். வெளியே போகலாம் என்பதுபோல அவள் பக்கம் கையை லேசாக அசைத்தார்.

விறாந்தையில் மழைச்சாரல் அடித்தது. துஷாந்தினி தூணோடு நின்றாள். எந்த இடத்தில் பிழை விட்டோம் என்று அறுபத்தெட்டு மணித்தியாலத்தையும் தொடக்கத்திலிருந்து ஓட்டிப் பார்த்தாள். அலுமாரியில் வைத்தது பிழையா? அம்மாவிடம் சொன்னதா? ஒரு மாசு மிச்சமில்லாமல் துடைத்தாயிற்றே.

வெற்றுக் கோப்பைகளோடு வெளியே வந்த விஜிதா அவள் பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் முகம் சுண்டிப்போயிருந்தது. உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சார் சொல்லி, ஈரச் சாக்குல சுத்தி, தண்ணித் தாங்கிக்குக் கீழ வச்சி, ரெண்டு வருஷமா அந்தப் பூஞ்சைய வளர்த்தது நானுங்க டீச்சர்."